பட்டனைத் தட்டினால் படம் வருமாம்!

"சார், இது கம்ப்யூட்டர் போட்ட படம். இதில் உங்கள் கை எங்கே இருக்கிறது?"

சென்ற தை மாதம் எங்கள் ஊரில் மூத்த குடிமக்களின் கைவேலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே வாசலிலேயே என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் தெரிந்தவர்தான், நல்லவர்தான். அவர் பெயரும் வேண்டாம், அமைப்பின் பெயரும் வேண்டாம். இந்தக் கேள்வியை அவர் ஒருவர் மட்டுமா கேட்கிறார்? என் சம்பந்தி கேட்டிருக்கிறார், எதிர்வீட்டு வக்கீல் கேட்டிருக்கிறார், காலையில் என்னோடு நடக்க வருகிற நாலு பேரும் கேட்டிருக்கிறார்கள்.

நான் அன்று கொண்டுபோனது சட்டம் போட்ட இரண்டு படங்கள். ஒன்று, மூன்று வாரம் உட்கார்ந்து கணினியில் நான் உருவாக்கிய ஃப்ராக்டல் படம். இன்னொன்று, காலமான என் மனைவியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து பெரிதாக்கி அச்செடுத்த 19 புள்ளிச் சிக்குக் கோலம். முதலாவது, எந்திரம் போட்டது என்று தள்ளப்பட்டது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, "இது வாசலில் போடுகிற கோலம்தானே சார், கோலப்போட்டி மார்கழியோடு முடிந்துவிட்டதே. இது ஓவியப் பிரிவு" என்றார்கள்.

இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு கொளவாய் ஏரிப் பக்கமாக நடந்து வீடு வந்து சேர்ந்தேன். கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. கேள்வி மட்டும் ஆறவில்லை. யோசிக்க யோசிக்க ஒன்று புரிந்தது. இரண்டு படத்தையும் தள்ளியதற்குச் சொன்ன காரணம் வேறு வேறு மாதிரி இருந்தாலும், அடியில் இருப்பது ஒரே எண்ணம்தான்: விதிப்படி வருவது கலை ஆகாது. இந்த எண்ணம் தவறு. ஏன் தவறு என்று இன்று கொஞ்சம் சண்டை போட்டே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நான் யார், இந்த வம்புக்கு ஏன் வந்தேன் என்று சொல்ல வேண்டும். நில அளவைத் துறையில் வரைவாளராக 34 வருடம் வேலை பார்த்தவன் நான். இப்போதுபோல் கருவியைத் தூக்கி வைத்தால் அதுவே தூரம் சொல்லும் காலமில்லை அது. சங்கிலி பிடித்து அளந்த காலம். 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, சவுக்குத் தோப்பை ஒட்டி, உப்பங்கழிக் கரை ஓரமாக ஒரு அளவைக்குப் போயிருந்தோம். கரையை ஒரு தடவை முழுச் சங்கிலியாக அளந்தோம். பிறகு வளைவு நெளிவுகளைச் சரியாகக் காட்ட வேண்டும் என்று துண்டு துண்டாக அளந்தோம். நீளம் கூடிவிட்டது. நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று பயந்துபோனேன். கூட வந்த மூத்த சர்வேயர் சிரித்தார். "கரையை எவ்வளவு பொடியா அளக்கிறியோ அவ்வளவு நீளும் தம்பி. நண்டை விட்டு அளக்கச் சொன்னா இன்னும் நீளும்" என்றார்.

அந்த மனிதர் விளையாட்டாகச் சொன்னதை, பெனுவா மாண்டல்பிராட் என்ற கணித அறிஞர் 1967-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். பிரிட்டன் நாட்டின் கடற்கரை எவ்வளவு நீளம் என்பதுதான் அதன் கேள்வி. அளவுகோல் சிறுக்கச் சிறுக்க நீளம் ஏறிக்கொண்டே போகும் என்பதுதான் விடை. லூயிஸ் ரிச்சர்ட்சன் என்பவர் அதற்கு முன்பே திரட்டி வைத்திருந்த கணக்குகளை வைத்துத்தான் அவர் இதைச் சொன்னார். இப்படி எவ்வளவு நெருங்கிப் போனாலும் நெளிவுக்குள் நெளிவு, முறிவுக்குள் முறிவு என்று காட்டுகிற உருவங்களுக்கு 1975-ல் 'ஃப்ராக்டல்' என்று பெயர் வைத்தார். உடைந்தது, முறிந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்த பெயர்.

பணி ஓய்வு பெற்ற பிறகு என் மகன் ஒரு பழைய கணினியைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் இந்தப் பெயரைத் தற்செயலாகப் பார்த்தபோது எனக்கு உப்பங்கழிக் கரைதான் ஞாபகம் வந்தது. பிடித்துக்கொண்டேன். இன்றுவரை விடவில்லை.

இனி, "பட்டனைத் தட்டினால் படம் வருகிறது" என்கிறவர்களுக்கு. அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பதைக் காகிதத்தில் பென்சிலால் போட்டுப் பாருங்கள். நம் காலத்து எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியத்தில் ஆரம்பியுங்கள். இருப்பதை அதோடே பெருக்கி, நீங்கள் எடுத்த எண்ணைக் கூட்டுங்கள். வந்த விடையை மறுபடி அதோடே பெருக்கி, அதே எண்ணைக் கூட்டுங்கள். இப்படியே போய்க்கொண்டிருங்கள். எடுத்த எண் 1 என்றால் 0, 1, 2, 5, 26, 677 என்று கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு ஓடும். எடுத்த எண் -1 என்றால் 0, -1, 0, -1 என்று கொல்லையைச் சுற்றும் கன்றுக்குட்டி மாதிரி அங்கேயே நிற்கும். ஓடுகிற எண் எது, நிற்கிற எண் எது? இதைக் கோட்டின் மேல் இருக்கும் எண்களுக்கு மட்டும் பார்க்காமல், ஒரு தளத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் (கலப்பெண்கள் என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள்) பார்த்து, நிற்பவற்றுக்குக் கறுப்பு அடித்தால் ஒரு உருவம் கிடைக்கும். ஓடிப்போகிறவற்றுக்கு, எத்தனையாவது அடியில் தப்பித்தன என்பதை வைத்து நிறம் கொடுக்கலாம். இதன் அடித்தளத்தை காஸ்டன் ஜூலியா, பியர் ஃபட்டூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் 1918 வாக்கிலேயே போட்டுவிட்டார்கள். ஆனால் கண்ணால் பார்க்க அவர்களுக்குக் கணினி இல்லை. 1980-ல் மாண்டல்பிராட் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் அதைப் படமாகப் போட்டு ஆராய்ந்தார். அவர் பெயராலேயே 'மாண்டல்பிராட் கணம்' என்று அழைக்கிறோம்.

இந்தக் கணக்கு உலகத்துக்கெல்லாம் பொது. இதில் என் கை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். மோகன ராகத்தின் ஆரோகண அவரோகணமும்கூட உலகத்துக்குப் பொதுதான். அதற்காக எல்லாரும் பாடுகிற மோகனம் ஒன்றாகிவிடுமா?

அந்தக் கறுப்பு உருவத்தின் கரை இருக்கிறதே, அது கடற்கரையைவிட மோசமான கரை. முடிவே கிடையாது. எந்த இடத்தில் இறங்குவது என்பது என் முடிவு. எவ்வளவு ஆழம் போவது, எங்கே நிறுத்துவது என்பது என் முடிவு. ரொம்ப ஆழம் போனால் சாதாரணக் கணினி எண்ணில் வைத்திருக்கும் 15, 16 இலக்கம் போதாமல், படம் சதுரம் சதுரமாக உடைந்துவிடும். அதற்கு வேறு வழியில் கணக்குப் போடச் சொல்ல வேண்டும், ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். பிறகு நிறம். மென்பொருள் தானாகக் கொடுக்கும் நிறத்தை அப்படியே விட்டால் மாரியம்மன் கோயில் சீரியல் லைட் மாதிரி இருக்கும். நான் அன்று கொண்டுபோன படத்தில் இருந்தது நாலே நிறம்தான்: ஈர மணல், காய்ந்த மணல், மழைக்கு முந்தைய கடல், வலையின் பழுப்பு. அந்த நாலும் ஒன்றோடொன்று எங்கே கலக்க வேண்டும் என்று பிடிபடவே பத்து நாள் ஆனது. அந்த மூன்று வாரத்தில் 214 படம் சேமித்தேன். 213-ஐ அழித்தேன். ஒன்றை வைத்தேன்.

கை எங்கே என்று கேட்டாரே, அழித்த 213-ல் இருக்கிறது என் கை.

எந்திரம் தொட்டால் கலை போய்விடும் என்றால், மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்கு ஒரு நடை போய்வாருங்கள். எங்கள் சின்ன வயதில் அந்தத் தெருவில் உளிச் சத்தம்தான் கேட்கும். இப்போது கல் அறுக்கும் எந்திரத்தின் அலறல் கேட்கிறது, தெருவெல்லாம் வெள்ளைத் தூசு. அதனால் அங்கே செய்யும் பிள்ளையார் பிள்ளையார் இல்லையா? கடைசியில் கண் திறக்கிற இடத்தில் எந்திரத்தை வைத்துவிட்டுச் சின்ன உளியைக் கையில் எடுக்கிறார் பாருங்கள், எதை எப்போது எடுப்பது என்ற அந்தத் தீர்ப்புதான் சிற்பம். அதுசரி, என்னை மறித்த நண்பரே அந்தக் கண்காட்சியில் தன் செல்போனில் எடுத்த சூரிய உதயப் படம் மூன்றை வைத்திருந்தார். அதில் அவர் தட்டியது பட்டன் இல்லையா?

இரண்டாவது குற்றச்சாட்டு: "புரியவில்லை. இது என்ன உருவம்? பூவா, மயிலா, மேகமா?"

ஒன்றும் இல்லை. ஒன்றாகவும் இருக்க வேண்டியதில்லை.

நம்மைப்போலக் கோயில் ஊர்களில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாகஸ்வரக்காரர் ஒரு மணி நேரம் தோடி ஆலாபனை வாசிக்கிறார். அதில் வார்த்தை உண்டா? கதை உண்டா? "இது என்ன உருவம்" என்று யாராவது எழுந்து கேட்டோமா? தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் வைக்கிற கோர்வை சுத்தமான கணக்கு. ஒரு சொற்கட்டையே விளம்பத்தில் வாசித்து, அதையே இரட்டித்து, பிறகு அதையும் இரட்டித்து, பெரிய உருவத்துக்குள் சின்ன உருவமாக அடக்கிக் காட்டி, சரியாகச் சமத்தில் கொண்டுவந்து இறக்கும்போது நாம் "பலே" என்று தொடையில் தட்டுகிறோம். காது ஏற்றுக்கொள்கிற அருவத்தைக் கண் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

நம் கடற்கரைக்கு இந்தச் சண்டை புதியதும் அல்ல. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சிலர் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளியை வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்த வருமானத்தில் ஓவியம் வரைந்தார்கள். பணிக்கரின் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் படிக்கவே முடியாத எழுத்துகளும், கட்டங்களும், கணக்குக் குறிகள் போன்றவையும்தான் இருக்கும். இன்று அவற்றை அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்கிறோம். பார்க்கப் பழகியதால் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் வலித்தது அங்கேதான்.

என் மனைவி பத்தாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் விடியற்காலை அவள் கோலம் போடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வரைவாளன் அல்லவா, "எல்லாப் பக்கமும் சமமா அஞ்சுக்கு அஞ்சு புள்ளி வெச்சா அழகா இருக்குமே" என்று யோசனை சொன்னேன். அவள் நிமிராமலே, "அஞ்சுக்கு அஞ்சு வெச்சுக் கம்பி இழுத்தா அஞ்சு கம்பியா பிரிஞ்சு போயிடுங்க. அஞ்சுக்கு ஆறு வெச்சா ஒரே கம்பியா முடியும்" என்றாள்.

எனக்கு அப்போது அது வெறும் கைப்பழக்கமாகத்தான் தெரிந்தது. பல வருடம் கழித்துத்தான் அதன் கணக்கைப் படித்தேன். செவ்வகமாக நேர்ப்புள்ளி வைத்து, குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகக் கம்பி ஓட்டி, ஓரத்தில் மட்டும் திருப்பினால், எத்தனை தனிக் கம்பி வரும் என்பது நீள அகலப் புள்ளிகளின் மீப்பெரு பொது வகுத்தி. 5-க்கு 5 என்றால் 5. 4-க்கு 6 என்றால் 2. 5-க்கு 6 என்றால் 1. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டில் மணலில் விரலால் வரைகிற 'சோனா' படங்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். நம்பாதவர்கள் இன்றைக்கே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மீப்பெரு பொது வகுத்தி என்ற பெயர் என் மனைவிக்கு நினைவிருந்திருக்காது. விதி தெரியும். விதியை மீறாமல் எங்கே வளைத்தால் அழகு வரும் என்பதும் தெரியும்.

இதைக் கவனித்துப் பார்த்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருந்தார்கள். தாம்பரத்தில், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில். புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, பிற்காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கமலா கிருதிவாசன் மூவரும் சேர்ந்து 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கணினி வரைகலைக்கான சர்வதேசப் பத்திரிகையில் வந்தது. ஒரு மொழியின் வாக்கியங்களை இலக்கண விதிகளால் உண்டாக்குவதுபோல, கட்டம் கட்டமாக அமைந்த உருவங்களையும் விதிகளால் உண்டாக்கலாம். அந்த இலக்கணத்தால் கோலங்களை உருவாக்கிக் காட்டலாம் என்பது அதன் சாரம். 'கோலம்' என்ற சொல்லே அதன் தலைப்பில் இருக்கிறது. கம்பிக் கோலத்துக்குத் தனியாகவும் இலக்கணம் எழுதினார்கள். செடி வளர்வதை விளக்க 1968-ல் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் வகுத்த விதிமுறையில் ஃப்ராக்டல் உருவங்களைப் பிறகு வந்தவர்கள் வரைந்தார்கள். அதே முறையில் சிக்குக் கோலத்தையும் வரைந்தார்கள். ஒரு சிறு கோலம், அதுபோல நான்கு சேர்ந்தால் அடுத்தது, அதில் நான்கு சேர்ந்தால் அதற்கும் பெரியது என்று வளர்கிற கோலத்தை, 'கிருஷ்ணனின் சலங்கை' என்ற பெயரோடு, வெளிநாட்டுக் கணினிப் பேராசிரியர்கள் ஃப்ராக்டலுக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

அதே 1974-ல் கிஃப்ட் சிரோமணி, அதே கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் லாக்வுட், தயானந்தன் ஆகியோருடன் சேர்ந்து மாமல்லபுரச் சிற்பங்களைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். சிற்பத்தில் இருக்கிற ஆடை, நகைகளைப் பார்த்துக் காலத்தைக் கணிக்க முயன்றவர் அவர். ஒரே மனிதர், ஒரு பக்கம் கல்லையும் மறு பக்கம் கோலமாவையும் ஒரே மரியாதையோடு பார்த்திருக்கிறார். நாம் அவரை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? கோலத்தை ஓவியப் பிரிவில் சேர்க்க மாட்டோம் என்கிறவர்கள், கோலத்துக்கு உலகப் பத்திரிகையில் இடம் வாங்கிக் கொடுத்த ஊர் ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவுக்குள் இருக்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ளட்டும்.

இதுவரை படித்துவிட்டுச் சிலர் சந்தோஷமாகத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். "பார்த்தீரா, நம்மவர்கள் அந்தக் காலத்திலேயே ஃப்ராக்டலைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!" கோபுரப் படத்தோடு இப்படி ஒரு வாட்ஸப் செய்தி எனக்கு வாரம் ஒரு தடவை வருகிறது. உங்களோடும் எனக்குச் சண்டைதான்.

ஐந்து ரதங்களுக்குப் போய் நில்லுங்கள். பீம ரதத்தின் நீண்ட வண்டிக்கூண்டுக் கூரையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் தர்மராஜ ரதத்தை அண்ணாந்து பாருங்கள். அதன் ஒவ்வொரு தளத்தின் ஓரத்திலும் குட்டிக் கோயில்கள் வரிசையாக நிற்கும். மூலையில் இருப்பதைக் கூடம் என்பார்கள், நடுவில் நீளமாக இருப்பதைச் சாலை என்பார்கள். அந்தச் சாலை, பீம ரதத்தின் கூரையைச் சுருக்கிச் செய்தது போலவே இருக்கும். கோயிலின் மேல் கோயில், அதன் மேல் கோயில். பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆனால் அது மூன்று நான்கு அடுக்கில் நின்றுவிடுகிறது. அந்தச் சிற்பி செய்தது வாஸ்து விதி. மாண்டல்பிராட் செய்தது வேறு கணிதம். இரண்டும் ஒரே கண்ணுக்கு இன்பம் தருகின்றன என்றால் அது பேசவேண்டிய விஷயம். "எல்லாம் நம்மிடமிருந்து போனது" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பல்லவச் சிற்பிக்கு வெள்ளைக்காரன் பெயரில் சான்றிதழ் எதற்கு? என் மனைவியின் கோலத்துக்கு ஃப்ராக்டல் என்ற பட்டம் எதற்கு? பட்டம் இல்லாமலே அது நிற்கும். நான் கேட்பது பட்டம் இல்லை, சுவரில் ஓர் ஆணி.

என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் ஃப்ராக்டல் படங்களில் முக்கால்வாசி குப்பை. ஒரே சுழல், ஒரே ஊதா, ஒரே மினுமினுப்பு. மென்பொருளைத் திறந்து முதலில் வந்ததைச் சேமித்து "என் படைப்பு" என்று போடுகிறவர்களைப் பற்றி என் நண்பர் சொல்வது முழுக்கச் சரி. இப்போது நாலு வார்த்தை சொன்னால் படம் தருகிற செயற்கை நுண்ணறிவு வேறு வந்திருக்கிறது. என் பேத்தி ஒரு நிமிடத்தில் பத்துப் படம் வாங்கிக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தன. "இந்தச் சுழி ஏன் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?" என்று கேட்டேன். "தெரியல தாத்தா, அதுவா போட்டுது" என்றாள். என் படத்தில் ஒரு சுழி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால், காகிதம் பென்சிலோடு உட்கார்ந்து நான் சொல்ல முடியும். அவள் பாட்டியும் சொல்லியிருப்பாள். என் அளவுகோல் இவ்வளவுதான்: விதி தெரிந்திருக்க வேண்டும், தேர்வு சொந்தமாக இருக்க வேண்டும், வேண்டாததை அழிக்கத் துணிவு வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் கையில் கோலமாவு இருந்தாலென்ன, மவுஸ் இருந்தாலென்ன?

கடைசியாக ஒன்று. இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

என் மனைவி நான்கு கோல நோட்டுகள் வைத்திருந்தாள். இப்போது இருப்பது மூன்று. அவள் போன மறுவருடம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட கட்டில் ஒன்று போய்விட்டது. போட்டது நான்தான். புரட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளிதானே" என்று போட்டேன். 34 வருடம் கோடு வரைந்து சம்பளம் வாங்கியவன், அரசாங்கத்தின் புலப்படங்களை ஒரு கிழிசல் இல்லாமல் காப்பாற்றியவன், என் வீட்டில் இருந்த வரைபடத்தை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மாண்டல்பிராட்டின் படங்களை மாதக்கணக்கில் பார்த்துக் கண் பழகிய பிறகுதான், மீதி மூன்று நோட்டையும் திறந்து ஒழுங்காகப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒரே கோலத்தை ஆறு தடவை போட்டு ஐந்தை அடித்திருந்தாள். ஆறாவதுக்குப் பக்கத்தில் சின்னதாக 'சரி' என்று எழுதியிருந்தாள்.

ஆகவே கண்காட்சிக்காரர்களைத் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை இல்லை. அவர்கள் வாசலில் செய்ததை நான் வீட்டுக்குள் செய்தவன். ஆனால் படிக்கிறவர்களிடம் இரண்டு விஷயம் உரிமையோடு கேட்பேன்.

உங்கள் வீட்டுப் பரணில், பீரோ அடியில், அம்மாவோ அக்காவோ மனைவியோ விட்டுப்போன கோல நோட்டு இருந்தால் இந்த வாரமே எடுங்கள். பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். எந்த ஊர், யார் போட்டது, எத்தனை புள்ளி என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வாசலில் ஸ்டிக்கர் ஒட்டுகிற காலம் வந்துவிட்டது. விதி தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, யாராவது ஒரு ஃப்ராக்டல் படத்தைக் காட்டினால், "இது என்ன?" என்று உடனே கேட்காமல் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். கடலைப் பார்க்கிறோமே, அதுபோல. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கை எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

அந்த இரண்டு படங்களும் இப்போது எங்கள் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. போன வாரம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒரே ஆள் போட்டதா சார்?" என்று கேட்டான். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.